தலதா மாளிகை பார்த்தாயிற்று, ராசமாளிகை எங்கே?

கேள்வி சுருக்கமாக இதுதான். மட்டக்களப்பில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஒருவர், கணவருக்குப் பேராதனையில் வேலை கிடைத்ததால் கண்டியில் குடியேறியிருக்கிறார். இரண்டு தடவை தலதா மாளிகைக்குப் போயும் "கண்டி ராசாட மாளிகை" எதுவென்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆரையம்பதியிலிருந்து மாமாவும் மாமியும் வருகிறார்கள். ஒரே நாளில் அவர்களுக்கு மாளிகையைக் காட்ட வேண்டும். எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் என்ன செய்வது என்று கேட்கிறார்.

நீங்கள் இரண்டு தடவையும் போய் நின்றது மாளிகைக்குள்ளேதான். தலதா மாளிகை அரண்மனை வளாகத்தின் ஓர் அங்கம். புத்தரின் பல்லான புனித தந்தம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே ஆட்சியுரிமை என்பது அக்கால நம்பிக்கை. அதனால் அரசன் அதைத் தன் வாசலுக்குள்ளேயே வைத்துக் காத்தான். 1815இல் அரசு ஆங்கிலேயரிடம் போனது, வழிபாடு நிற்கவில்லை. கோயில் வளர்ந்து ஊரின் முகமாகிவிட்டது. சுற்றி நின்ற அரச கட்டடங்கள் ஒவ்வொன்றாக வேறு கைகளுக்குப் போயின. அரசன் வாழ்ந்த வாசல் (அரச இருப்பிடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆங்கிலேய அதிகாரியின் வீடாகி, இப்போது தொல்பொருள் நூதனசாலையாக இருக்கிறது. அந்தப்புரம் தேசிய நூதனசாலை. ராணிமார் குளித்த மண்டபம் பொலிஸாரிடம். பெயர்ப்பலகைகள் இன்றைய பெயர்களையே சொல்வதால், தேடிப் போகிறவர் மாளிகைக்குள் நின்றுகொண்டே மாளிகை எங்கே என்று கேட்கிறார். நம் மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கிய காலத்தில், அலுவலாக உள்ளே போனவர்களில் கோட்டையைப் பார்த்தவர்கள் குறைவு. கண்டியிலும் அதே கதைதான்.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. மைசூரையோ தஞ்சாவூரையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் நிச்சயம். கண்டி அரண்மனை உயரத்தால் மிரட்டுகிற கட்டடம் கிடையாது. அதற்குக் காரணங்கள் உண்டு. இந்த நகரம் பலமுறை எரிந்தது. போர்த்துக்கீசர் வந்து கொளுத்தினார்கள். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை மாளிகையைப் பிடித்துச் சூறையாடியது. 1803இல் ஆங்கிலேயர் ஒருமுறை நகரைப் பிடித்து, பிறகு இழந்தார்கள். ஒவ்வொரு முறையும் அரசன் நகரை விட்டு ஹங்குரன்கெத்த போன்ற மலை ஊர்களுக்குப் பின்வாங்குவான், எதிரி காய்ச்சலிலும் பட்டினியிலும் வாடித் திரும்பியதும் வந்து மீண்டும் கட்டுவான். ஆகவே இன்று நிற்பவற்றில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதிக்கும் 1815க்கும் இடையில் எழுந்தவை. மரமும் மண்ணும் செங்கல்லும் ஓடுமே பொருட்கள். ஆங்கிலேயர் காலத்தில் இடித்ததும் மாற்றியதும் வேறு.

அப்படியானால் எதை வைத்து இது அரசனுடையது என்று அறிவது? இதற்கு ரொபர்ட் நொக்ஸ் உதவுகிறார். 1660இல் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, 1679 வரை கண்டி நாட்டில் கிடந்த ஆங்கிலேயர் அவர். குடிமக்கள் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது, ஓடு போடக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது என்று அங்கே கட்டுப்பாடு இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு தலதா மாளிகை முற்றத்தில் நின்று பாருங்கள். வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, மேல்மாடி. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிற இந்த மூன்றும் அன்று இலைக்கூரையும் மண்சுவருமாக இருந்த நகரத்தின் நடுவே அரசனுக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியவை. மாமா, மாமிக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர்களே ஒவ்வொரு கட்டடத்திலும் கண்டுபிடிப்பார்கள்.

இனி நாளும் நேரமும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளை எடுங்கள். ஞாயிறு, திங்கள், அரச விடுமுறை நாட்களில் நூதனசாலை பூட்டியிருந்தால் பயணத்தின் பாதி போய்விடும். தொல்பொருள் நூதனசாலையைத் திருத்த வேலைக்காக மூடி வைக்கும் காலங்களும் உண்டு. நீங்கள் கண்டியிலேயே இருப்பதால் முதல் நாள் ஒரு நடை போய்க் கேட்டுவிடுவது மேல். பௌர்ணமியான போயா தினத்தில் கோயிலுக்குள் நிற்க இடம் இராது, வயதானவர்களோடு அன்றைக்குப் போகவே வேண்டாம். ஆடி, ஆவணியில் வரும் எசல பெரஹரா ஊர்வல நாட்களில் வீதிகளை மூடிவிடுவார்கள். பெரஹராவைப் பார்க்க வருவது வேறு பயணம், மாளிகை பார்க்க வருவது வேறு பயணம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் கெடும்.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் இலங்கையருக்கு ஒரு வழி, வெளிநாட்டவருக்கு வேறு வழி. மாமாவும் மாமியும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும், கோயிலுக்குள் போக அவர்களுக்குக் கட்டணம் இல்லை. உங்களிடம் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால், தமிழ் பேசினாலும் மட்டக்களப்பில் பிறந்திருந்தாலும் வெளிநாட்டவர் கருமபீடத்தில்தான் சீட்டு எடுக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தால் அதன் சான்றிதழையோ இலங்கை அடையாள அட்டையையோ கொண்டு போங்கள். தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை, மூலத்தைக் கேட்பார்கள். தேசிய நூதனசாலைக்குத் தனிச் சீட்டு. கட்டணங்கள் அடிக்கடி கூடுவதால் பழைய தொகையை நம்பிக் கணக்காகக் காசு கொண்டு போகாதீர்கள்.

உடை வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ, தோளும் முழங்காலும் மறைவதாக இருக்க வேண்டும். சேலையும் வேட்டியும் போதுமானது. பிள்ளைகளின் அரைக்காற்சட்டைதான் வாசலில் பிரச்சினையாகும். 1998 ஜனவரியில் நடந்த குண்டுத்தாக்குதலில் கோயிலின் முன்பகுதி பெரிதும் சேதமடைந்து, பிறகு திருத்தப்பட்டது. அதனால் சோதனை கண்டிப்பாகவே இருக்கும். பெரிய பையை வீட்டில் விட்டுவிடுங்கள். செருப்பை வெளியே கொடுத்துவிட்டு நெடுநேரம் வெறுங்காலோடு நடக்க நேரும். பதினொரு மணிக்குப் பிறகு முற்றத்துக் கல் சுடும், மாமிக்கு ஒரு சோடி காலுறை எடுத்துப் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. அறியாமல் செய்தாலும் காவலர் வந்து சொல்லும்போது மனம் சங்கடப்படும்.

காலை ஏழரைக்கு ஏரிக்கரைப் பக்கம் போய் நில்லுங்கள். உள்ளே போகும் அவசரம் வேண்டாம். முதலில் அகழியையும் மதிலையும் பாருங்கள். எண்கோண மண்டபத்தின் அடியில் ஓடுகிற மதிலில் முக்கோண வடிவில் குழிகள் வரிசையாக இருக்கும். தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றி வைக்கிற மாடங்கள் அவை. மதிலின் மேல்விளிம்பு நீரலை போல ஏறி இறங்கும், அதனாலேயே அதை நீரலை மதில் என்கிறார்கள். ஏரியைச் சுற்றி ஓடும் மதில் மேகக்கூட்டம் போன்ற வளைவுகள் கொண்டது, அதன் பெயர் மேக மதில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

அந்த எண்கோண மண்டபம் பத்திரிப்புவ. கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டியது. கட்டிய சிற்பாசாரி தேவேந்திர மூலாசாரி. அரசன் மக்களுக்குக் காட்சி தரவும் விழாக்களைப் பார்க்கவும் இதில் வந்து நின்றான். இப்போது மேலே ஓலைச்சுவடி நூலகம். எதிரே இருக்கிற ஏரியும் அதே அரசனின் வேலைதான். வயல்நிலமாக இருந்த பள்ளத்தில் 1807இல் கட்டத் தொடங்கினான். அதற்கு அவன் வைத்த பெயர் கிரி முகுத, பாற்கடல். நடுவே உள்ள தீவை அரசன் ஓய்விடமாக வைத்திருந்தான், ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து சேமித்தார்கள். அழகு ஒருபுறம் இருக்கட்டும். இவ்வளவு மண்ணையும் சுமந்தது இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் வந்த குடிமக்கள். பிரதானிகளும் மக்களும் அரசனை விட்டு விலகியதற்கு அந்த உழைப்புச் சுமையும் ஒரு காரணம். ஏரியைக் காட்டும்போது இதையும் சொல்ல வேண்டும்.

எட்டு மணியளவில் பிரதான வாசலால் உள்ளே போங்கள். வாசற்படியில் உள்ள சந்திரவட்டக் கல்லைக் கவனியுங்கள். அனுராதபுரத்தில் அரைவட்டமாக இருந்தது கண்டிக் காலத்தில் கூர்ந்து ஏறக்குறைய முக்கோணமாகிவிட்டது. அதைத் தாண்டி எண்கோண மண்டபத்தின் கீழே குடைந்து போகிற வழி, இருபக்கமும் சித்திரங்கள். உள்முற்றத்தில் இரண்டு மாடியாக நிற்கிறதே, அதுதான் தந்தத்தின் உறைவிடம். முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604) தந்தத்துக்குக் கட்டிய மாளிகை போரில் அழிந்தது. இப்போதுள்ள உள்மாளிகை 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கன் கட்டி, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மெருகேற்றியது. மேலே மின்னுகிற தங்கக் கூரை பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1987இல் வைத்தது.

பூசை நேரங்கள் அதிகாலை ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை. பூசையில்தான் மேல்மாடியில் பேழை இருக்கும் அறையின் கதவு திறக்கும். வரிசையில் நின்றாலும் காண்பது பேழையை, தந்தத்தை அல்ல. இதை முன்பே சொல்லாமல் கூட்டிப் போனால் முதியவர்கள் அரைமணி நெரிசலில் நின்றுவிட்டு ஏமாந்து வெளியே வருவார்கள். வழிபாட்டு நோக்கோடு போகிறவர்கள் காத்திருக்கட்டும். மாளிகை பார்க்க வந்தவர்கள் மேல்மாடியை எட்டரைக்கே பார்த்து இறங்கிவிடுங்கள். படிகள் நெருக்கமானவை, மாமிக்கு முழங்கால் வலி இருந்தால் கீழேயே இருக்கலாம், குறை ஒன்றும் இல்லை. ஒன்பதேகாலுக்கு வெளியே முற்றத்துக்கு வந்துவிட்டால் பூசைக்கு முழங்குகிற மேளம் அங்கேயே கேட்கும். கூட்டம் முழுவதும் உள்ளே போயிருக்கும் அந்த நேரத்தில், நீங்கள் பார்க்க வேண்டிய மிக முக்கியமான இடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

அது மகுல் மடுவ, அரசவை மண்டபம். இந்தப் பயணத்தில் அதிக நேரம் தர வேண்டியது இதற்குத்தான். ராஜாதி ராஜசிங்கன் 1783இல் தொடங்கியது. நான்கு புறமும் திறந்த, சுவரில்லாத மண்டபம். கூரையின் சரிவு நடுவில் முறிந்து இரண்டு கோணமாக இறங்குவது கண்டிக் கட்டடங்களின் அடையாளம், மழைநீர் வேகமாக வழிந்து தூணிலிருந்து தள்ளி விழும். ஒரு தூணை மட்டும் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேலே பாருங்கள். அடி சதுரம். சற்று மேலே நான்கு மூலைகளும் சீவப்பட்டு எண்பட்டையாகும். நடுவில் மறுபடி ஒரு சதுரக் கட்டு, அதில் பூவேலை. மீண்டும் எண்பட்டை. உச்சியில் நான்கு திசைக்கும் கை நீட்டுகிற பெக்கட, ஒவ்வொரு கையின் நுனியிலும் தலைகீழாகத் தொங்கும் தாமரைமொட்டு. இதை முதன்முதலாகப் பார்க்கிற மட்டக்களப்பாருக்கு எங்கோ பார்த்த நினைவு வரும். நம் கோயில் மண்டபத் தூண்களில் உத்தரத்தைத் தாங்குகிற போதிகையும் அதன் பூமுனையும்தான் இது. அங்கே கல், இங்கே மரம். பெக்கட வெறும் அலங்காரமும் இல்லை. உத்தரத்தின் பாரத்தைத் தூணின் சிறிய தலையில் விழவிடாமல் அகலப் பரப்பித் தருகிறது. மண்டபத்தின் நீளம் முழுவதும் பழையது என்று எண்ண வேண்டாம். 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது நடந்த ஏற்பாடுகளில் ஆங்கிலேயர் இதை நீட்டினார்கள்.

இந்தத் தூண்களுக்கு நடுவேதான் 1815 மார்ச் 2ஆம் திகதி ஆளுநர் பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடி, நாட்டை ஆங்கிலேய முடிக்குக் கையளித்த ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். அரசன் அங்கே இல்லை. இரண்டு கிழமைக்கு முன், பெப்ரவரி 18ஆம் திகதி, மெதமஹநுவரப் பக்கத்தில் பிடிபட்டிருந்தான். மதுரை நாயக்கர் உறவில் வந்த நான்கு அரசர்களில் கடைசியானவன். 1739இல் தொடங்கிய அந்த வரிசையில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, பிறகு கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய இவன். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1832இல் இறந்தான்.

சிம்மாசனம் எங்கே என்று மாமா கட்டாயம் கேட்பார். கண்டியில் இல்லை. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த அந்தச் சிம்மாசனத்தை ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தார்கள். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1765 சூறையில் போன கண்டிப் பிரதானி லெவ்கேயின் பெயர் கொண்ட பீரங்கியும் நெதர்லாந்திலிருந்து 2023இல் திரும்பி, கொழும்புக்கே போயிற்று. மாளிகை கண்டியில், அதன் பொருட்கள் கொழும்பில் என்ற இந்தப் பிரிவு வருத்தத்துக்குரியது. சிம்மாசனம் மகுல் மடுவ நிற்கும் ஊரிலேயே இருந்திருந்தால் அந்த வெற்று மண்டபத்துக்கு உயிர் வந்திருக்கும்.

மண்டபத்திலிருந்து கிட்டத்தில், கோயிலுக்கு வடபக்கமாக நீளப் படுத்திருக்கிறது அரசனின் வாசல். தொல்பொருள் நூதனசாலை என்ற பலகை தொங்கும். 1815க்குப் பிறகு முதல் ஆங்கில வதிவிட அதிகாரியான ஜோன் டொயிலி இதில் குடியிருந்தார், பிறகு அரசாங்க அதிபர்கள். உள்ளே வைத்திருக்கிற பொருட்களைவிடச் சுவரின் கனத்தையும் அறைகளின் இருட்டையும் கவனியுங்கள். மலைக்குளிருக்கும் பாதுகாப்புக்கும் கட்டியது அது, காற்றுக்காகக் கட்டியதில்லை. நம் கடற்கரை வீடுகளோடு ஒப்பிட்டால் நேரெதிர். பெரஹராவில் நெடுங்காலம் தந்தப் பேழையைச் சுமந்து 1988இல் இறந்த ராஜா என்ற யானையைப் பாடம்செய்து வளாகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வந்தால் அங்கிருந்து நகரமாட்டார்கள், கால்மணி ஒதுக்குங்கள்.

பதினொன்றரைக்கு வெளியே வந்து சாப்பிட்டு, ஓய்ந்து, பிற்பகலில் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். கோயிலின் பின்பக்கம் இருக்கிறது. உள்வழி மூடியிருந்தால் ஏரிக்கரையால் சுற்றிப் போக வேண்டும், அதற்காக முதியவர்களை மறுபடி கோயில் வாசலுக்கு நடத்த வேண்டாம். இதுதான் பல்லே வாசல், அரசியர் கூட்டம் வாழ்ந்த பகுதி. 1942 முதல் நூதனசாலை. நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமாக நம் நாற்சார் வீட்டின் அமைப்பு அப்படியே தெரியும். 1815 ஒப்பந்தத்தின் பிரதி இங்கே இருக்கிறது. காலையில் நின்ற மண்டபத்தையும் இந்தத் தாளையும் மாமா சேர்த்துப் பார்க்கட்டும். மாமிக்கு வெற்றிலைப் பொருட்கள்: பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், தட்டம். மட்டக்களப்பு வீடுகளில் வட்டா எடுத்துக் கொடுத்து வரவேற்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. பக்கத்திலே மெத வாசல், ராணியின் இருப்பிடம். சிறிய கட்டடம், சிறிய முற்றம். திறந்திருந்தால் ஐந்து நிமிடம் போதும்.

உடம்பில் தென்பு இருந்தால் நூதனசாலைக்குப் பின்னால் மேட்டில் உள்ள பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறிப் பாருங்கள். 1824இல் கண்டியிலேயே இறந்த டொயிலி அங்கே அடக்கமாகியிருக்கிறார். கண்டிப் பிரதானிகளோடு இரகசியத் தொடர்பு வைத்து, பெரிய போரில்லாமல் இராச்சியத்தை வாங்கிக் கொடுத்தவர். அரசன் வாசலில் குடியிருந்தவரும் அந்தப்புரத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் கிடப்பவரும் ஒரே ஆள். மலேரியாவிலும் வெயிலிலும் இளவயதில் மாண்ட பலரின் கல்லறைகளும் அங்கே உண்டு, இந்த மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்க அவர்கள் கொடுத்த விலை அதில் தெரியும்.

மாளிகை வளாகம் கோயில் மதிலோடு முடிந்துவிடாது. முன்பக்கத்தில் செங்கல்லால் கட்டிய கிறிஸ்தவ ஆலயத்துக்குப் பக்கமாக நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் இருக்கின்றன. பலர் எட்டிப் பார்க்காமலே போகிறார்கள். நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கண்டியில் நிற்பவற்றில் மிகப் பழையது. தென்னிந்தியக் கோயிற்கலையின் சாயல் அதில் வெளிப்படையாகத் தெரியும். புதிய அரசன் தன் அரசப் பெயரைச் சூடி வாளை ஏற்றது அங்கேதான். அதாவது முடிசூட்டின் மையமான சடங்கு நடந்த இடம், அரண்மனையைப் பார்க்கிறவர் இதை விடவே கூடாது.

பத்தினி தேவாலயத்துக்கு மாமியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பத்தினி நம் கண்ணகியம்மன். வைகாசியில் ஆரையம்பதியிலும் செட்டிபாளையத்திலும் தாண்டவன்வெளியிலும் கதவு திறந்து சடங்கு நடத்தி, வழக்குரை பாடிக் குளிர்த்தி செய்கிற அதே தெய்வம் கண்டி அரசனின் முற்றத்தில் நான்கு காவல் தெய்வங்களில் ஒருத்தியாக இருக்கிறாள். பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலத்தில் மட்டுமே பெண்கள் ஆடி வருவார்கள். கயவாகு மன்னன் கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்ற மரபு மட்டக்களப்பிலும் உண்டு, சிங்களவரிடமும் உண்டு. மாமி அங்கே கும்பிட்டு நிற்கிற ஐந்து நிமிடம், மற்ற எல்லாவற்றையும் அவருக்கு நெருக்கமாக்கிவிடும்.

மாலையில் ஏரிக்கரையோரம் உள்ள உல்பென் கெய, ராணிமாரின் குளிப்பு மண்டபம். கீழே குளித்தார்கள், மேல்மாடியை ஆங்கிலேயர் நூலகத்துக்காகச் சேர்த்தார்கள். உள்ளே போக எதிர்பார்க்க வேண்டாம், வெளியே நின்று தூண்களும் நீரும் சேருமிடத்தைப் பாருங்கள். ஏரியைச் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், முதியவர்களுக்கு வேண்டாம். கண்டியில் பிற்பகல் மழை வழக்கமானது, குடை இல்லாமல் இறங்காதீர்கள்.

அந்தப் பகுதியில் ஒரு தொல்லை உண்டு. "இன்றைக்கு விசேட பூசை", "கோயில் இப்போது பூட்டு, அதற்குள் இரத்தினக் கல் கடை பார்க்கலாம்" என்று யாராவது அணுகினால் கோயில் வாசலில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வழிகாட்டி தேவையானால் சுற்றுலா அதிகாரசபையின் அடையாள அட்டையைப் பார்த்து, தொகையை முதலே பேசிக்கொள்ளுங்கள். தமிழில் விளக்குகிறவர் கிடைப்பது அரிது. அதனால்தான் இவ்வளவையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கடைசியாக, மட்டக்களப்பிலிருந்து வரும் வழி. ரயிலென்றால் பொல்காவலையில் மாற வேண்டும், நீண்ட சுற்று. வீதியால் செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியாகச் சுமார் 180 கிலோமீற்றர். அம்பாறை, கல்முனைப் பக்கத்தவர்களும் உகன வழியாக மகா ஓயாவில் வந்து சேரலாம். ஐந்து மணித்தியாலமாவது வையுங்கள். இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் இதுவே மாளிகையின் பழைய வாசல்களில் ஒன்று. 1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கன், மகியங்கனை வழியாகத்தான் கண்டி அரசனிடம் போனார். 1638 மே மாதம் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து நம் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்து, அதே மாதம் 23ஆம் திகதி மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை செய்தார்கள். மட்டக்களப்பார் கண்டி மாளிகையை அந்நியமாகப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

மகியங்கனைக்கும் உடுதும்பறைக்கும் இடையில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைவீதி. தலைசுற்றுகிறவர்களை முன் ஆசனத்தில் இருத்துங்கள், ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், எலுமிச்சம்பழமோ இஞ்சியோ கையில் இருக்கட்டும். திரும்பும் வழியில் தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவுக்கு முன் மெதமஹநுவர வரும். அரசன் பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, பிரதான வீதியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஊரில் கேட்டால் காட்டுவார்கள், முக்கால் மணி கூடுதலாகும். அதற்கு நேரம் வேண்டுமானால் கண்டியிலிருந்து காலை பத்துக்குள் புறப்பட வேண்டும். பிந்தினால் நினைவுக்கல்லை விட்டுவிடுங்கள். மகா ஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும், பொழுதுபடுவதற்கு முன் புல்லுமலையைத் தாண்டிவிட வேண்டும்.